பிரிந்த இடத்திலேயே காத்திருங்கள்

திருமணம் நிச்சயமாகியுள்ள வாசகி ஒருவர் சென்ற கிழமை எமக்கொரு வினா விடுத்திருந்தார். தேனிலவுக்கெனக் கப்பலேறித் தீவு தீவாகச் சுற்றுவது பயனுடைய செயலா, அன்றிப் பணத்தைக் கடலிற் கொட்டும் வீண் ஆடம்பரமா என்பதே அவ்வினா.

இதற்கு விடை கூற எமக்கும் சிறிது தகுதி உண்டு. மணமான புதிதில் நாம் இருவரும் கரிபியன் கடலிலே அத்தகைய கப்பலொன்றில் ஏழு இரவுகளைக் கழித்தோம். ஏழாம் இரவிலும் கணவன் மனைவியாகவே இருந்தோம்; ஆயினும் நடுவில் ஒரு பிற்பகல், அது சற்று ஐயத்துக்கிடமாக இருந்தது. அக்கதையையே இன்று கூறப்போகிறோம்.

இக்கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடும். பகலில் துறையில் ஓய்ந்து நிற்கும். மாலையில் ஒரு தீவை விட்டுப் புறப்பட்டால், விடியும்போது வேறொரு தீவு சாளரத்துக்கு வெளியே நிற்கும். எமது கப்பல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் துறையிலிருந்து புறப்பட்டது. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டிற் கட்டத் தொடங்கிய எல் மொறோ கோட்டை அந்நகரின் கடல்வாயிலில் இன்றும் காவல் நிற்கிறது. அடுத்து சென் லூசியாவைக் கண்டோம். கடலோரத்திலிருந்து செங்குத்தாக எழும் பித்தோன் என்னும் இரு கூர்மலைகள் 2004இல் உலக மரபுச் சொத்தாக ஏற்கப்பட்டவை. இரண்டு இலட்சம் மக்களும் இல்லாத அச்சிறு தீவு, 1979இல் பொருளியலுக்காக ஆதர் லூயிஸையும் 1992இல் இலக்கியத்துக்காக டெரெக் வோல்கட்டையும் நோபல் பரிசாளராக உலகுக்குத் தந்தது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாகச் சேர்ந்த துறையே மார்த்தினிக் தீவின் தலைநகரான போர்-த-பிரான்ஸ். 1946இல் பிரான்சின் ஒரு மாவட்டமாக்கப்பட்ட தீவு அது. மாலை ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும், நாலரைக்குள் யாவரும் ஏறிவிடவேண்டும் என்பது கட்டளை. தாமாகவே ஊர்சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திராது. கைத்தொலைபேசிகளோ எமது கப்பலறையிற் பூட்டப்பட்டிருந்தன. தேனிலவு முடியும்வரை அவற்றைத் தொடுவதில்லை என்பது எமது சபதம்!

நகரின் சந்தையில், கட்டம் போட்ட துணியைத் தலையிற் கட்டிய மூதாட்டி ஒருவர் எம்மை நோக்கி, "கொலம்போ! கொலம்போ!" என்று கூவினார். கொழும்பிலே பிறந்து வளர்ந்த நாம் திகைத்து நின்றுவிட்டோம். எமது ஊர் இவருக்கு எவ்வாறு தெரிந்தது? அவரோ மஞ்சள் நிறத் தூள் நிறைந்த பொதியொன்றை நீட்டினார். முகர்ந்து பார்த்தோம். மல்லி, சின்னச்சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு; எமது அடுக்களையே அப்பொதிக்குள் இருந்தது.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1853 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில், இருபத்தையாயிரம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக்குக்கு ஏற்றி வரப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிற் கப்பலேறிய தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கே. எனினும் நோயால் மடிந்தோரும் ஊர் திரும்பாதோரும் மிகப் பலர். அவர் வழித்தோன்றல்களின் நாவிலிருந்து தமிழ் மெல்ல மெல்ல மறைந்தது, கறிச்சுவை மறையவில்லை. 'கொலம்போ' என்பது 'குழம்பு' என்னும் சொல்லின் திரிபு என்பாரும், எமது கொழும்பின் பெயரே என்பாரும் உளர்.

அம்மூதாட்டியின் மொழி எமக்குத் தெரியாது. எமது மொழி அவருக்குத் தெரியாது. ஆயினும் எம்மில் ஒருவர் விரலாலும் விழியாலும் அவருடன் உரையாடத் தொடங்கிவிட்டார். மற்றவரோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "போவோம்" என்றார் இவர். "ஐந்து நிமிடம்" என்றார் அவர். மும்முறை இவ்வாறு நிகழ்ந்தபின், கடிகாரம் பார்த்தவர் கோபித்துக்கொண்டு தனியே நடந்துவிட்டார். அவர் கணவனா மனைவியா என்பதைக் கூறமாட்டோம். அது குடும்ப இரகசியம்.

பத்து நிமிடத்திற் கோபம் தணிந்து அவர் சந்தைக்குத் திரும்பினார். அங்கிருந்தவரோ பதறிப்போய் வேறொரு வீதி வழியே துறைமுகத்துக்கு ஓடியிருந்தார். இவர் துறைமுகத்துக்கு ஓடினார். அவர் சந்தைக்கு ஓடினார். ஒருவரை ஒருவர் தேடிய வேகமே எம்மைப் பிரித்து வைத்தது.

கடைசியிற் கண்ணீருடன் சந்தைக்கு வந்தவரைக் கண்ட மூதாட்டி, எதையும் வினவாமற் கையைப் பற்றித் தமது முக்காலியில் அமர்த்தினார். எழ முயன்றபோது தோளை அழுத்தி, விரலால் நிலத்தைச் சுட்டிக்காட்டினார். 'இங்கேயே இரு' என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? கால்மணி நேரத்தில் மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மூதாட்டி தூள்பொதியை எமது பையில் திணித்து, துறைமுகத் திசையைக் காட்டித் துரத்தாத குறையாக அனுப்பினார். நாலரைக்கு மூன்று நிமிடம் இருக்கையில் நாம் கப்பலேறினோம்.

தலைத்துணியை மூன்று முனைகள் தெரியக் கட்டினால் 'என் மனம் ஒருவருக்கு உரியது' என்பது அத்தீவின் பழைய வழக்கு என அன்றிரவு கப்பலில் அறிந்தோம். அம்மூதாட்டியின் தலைத்துணியில் மூன்று முனைகள் இருந்தன.

கப்பலைத் தவறவிட்டிருந்தால் எமக்கு நேர்வது என்ன? சிறிது பணச்செலவும் பெரிதும் வெட்கமும். அடுத்த துறையான பார்படோஸுக்கு விமானத்திற் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதே கடல் வழியே வந்த அக்கூலித் தம்பதிகளுக்கோ, திரும்பும் கப்பலே பலருக்கு வாய்க்கவில்லை. அதை எண்ணியபோது எமது பிணக்கு மிகச் சிறிதாய்த் தோன்றிற்று.

அன்றிரவே ஒரு விதி செய்துகொண்டோம்: தவறிப் பிரிந்தால், இறுதியாகச் சேர்ந்து நின்ற இடத்திலேயே காத்திருப்பது. இவ்விதி துறைமுகங்களுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் பொருந்தும் எனப் பின்னர் உணர்ந்தோம். பணம், பிள்ளைகள், பெற்றோர் என எத்தனையோ விடயங்களில் நாம் கருத்து வேறுபட்டதுண்டு. அப்போதெல்லாம், கடைசியாக இருவரும் உடன்பட்டு நின்ற இடம் எதுவெனத் தேடி, அங்கே போய் நின்றுகொள்வோம். மற்றவரும் வந்து சேர்வார். சில வேளை கால்மணி நேரம். சில வேளை ஒரு கிழமை.

ஆகவே, அன்புள்ள வாசகிக்கு எமது விடை இதுவே. கையிற் பணமிருந்தாற் கப்பலேறுங்கள், கடன்பட்டு ஏறவேண்டாம். நுவரெலியாவுக்குப் புகைவண்டியிற் போனாலும் வழி தவற இடமுண்டு, காத்திருக்கவும் இடமுண்டு. எங்கே போனாலும், முதலில் அவ்விதியை இருவரும் பேசி முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள்.