பள்ளிக்கு வரும் பாதை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வரையும் தலைமையாசிரியர், கல்வியின் மேன்மையைப் பற்றியோ ஒழுக்கத்தின் உயர்வைப் பற்றியோ எழுதுவதே வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகுகின்றேன். வீட்டு வாசலுக்கும் பள்ளி வாயிலுக்கும் இடையே உள்ள சிறு தொலைவை நம் பிள்ளைகள் எவ்வாறு கடக்கின்றனர் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளி மணி அடித்த பின்னர்தான் கல்வி தொடங்குகிறது என்று எண்ணுவது தவறு. பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் பொழுதே அது தொடங்கிவிடுகிறது.

நான் 1970களில் தோட்டப் பள்ளியில் பயின்றவன். பொழுது புலருமுன்னரே தாயும் தந்தையும் பெரட்டுக்குப் போய்விடுவர். தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, அக்காள் கையைப் பற்றிக்கொண்டு, இரப்பர் மரங்களின் ஊடே செல்லும் செம்மண் சாலையில் நடந்தே பள்ளி சென்றேன். வாய்ப்பாட்டைப் பாதி வகுப்பறையிலும் பாதி அந்தச் சாலையிலுமாகக் கற்றேன் என்றால் மிகையாகாது. எங்களை எவரும் கொண்டுபோய் விட்டதில்லை. எதிரே வந்த வாகனங்களும் ஒன்றிரண்டே.

அந்தக் காலம் மாறிவிட்டது. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530 பள்ளிகளே உள்ளன. நம் மலாக்கா மாநிலத்தில் இருப்பவை 21. ஆகவே பள்ளி சில பிள்ளைகளுக்கு எட்டாத் தொலைவில் போய்விட்டது உண்மையே. அவர்களுக்குப் பேருந்தோ வேனோ வேண்டும். அதனை நான் மறுக்கவில்லை.

ஆயினும், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பிள்ளைகளும் இன்று நடப்பதில்லையே! காலை ஏழு மணிக்குப் பள்ளி வாயிலில் நின்று பாருங்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் தந்தை. அவருக்கு முன்னே ஒரு பிள்ளை, பின்னே இரண்டு பிள்ளைகள். தந்தையின் தலையில் மட்டுமே தலைக்கவசம். பின்னால் வரும் கார்கள் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. அவற்றின் இடையே புகுந்து புறப்பட்டு, நடந்து வரும் நாலைந்து பிள்ளைகள் அஞ்சி அஞ்சி உள்ளே நுழைகின்றனர். பிள்ளையைப் பாதுகாக்கவே ஒவ்வொரு பெற்றோரும் வண்டியில் கொண்டுவருகின்றனர்; அவ்வண்டிகள் அனைத்தும் சேர்ந்துதான் வாயிலை ஆபத்து மிக்கதாக்குகின்றன.

இங்கே என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னர் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், மிதிவண்டியில் வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், செம்பனைப் பழம் ஏற்றி வந்த லாரிக்கு வழிவிட முயன்று கால்வாயில் விழுந்தான். முழங்கால் சிராய்ப்போடு தப்பினான். மறுநாள் காலைச் சபைக் கூடலிலேயே, இனி எவரும் மிதிவண்டியில் வரலாகாது என்று அறிவித்துவிட்டேன். என் கடமையைச் செய்துவிட்டதாக அன்று நிம்மதியாக உறங்கினேன். மிதிவண்டிக் கொட்டகை வெறிச்சோடியது. வாயிலில் மோட்டார் சைக்கிள்கள் பெருகின. சில மாதங்களுக்குள் அதே மாணவன், தந்தையின் மோட்டார் சைக்கிளில் மூன்றாவது ஆளாக வரும் வழியில் தவறி விழுந்து கையை முறித்துக்கொண்டான். கட்டுப்போட்ட கையோடு அவன் என் அறைக்கு வந்து, "சார், நான் மறுபடியும் சைக்கிள்ல வரலாமா?" என்று கேட்டபொழுது என்னிடம் விடை இல்லை. ஆபத்தை நான் அகற்றவில்லை. என் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு அதனை மாற்றியிருந்தேன், அவ்வளவுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகச் சாலைகளில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளோரின் மரணத்திற்குச் சாலை விபத்தே முதற்காரணம். நம் நாட்டில் சாலையில் மடிவோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் விதி இந்நாட்டில் 1973இலேயே வந்துவிட்டது. தந்தையின் தலைக்குள்ள மதிப்பு மகனின் தலைக்கு இல்லையா?

அவ்வாறாயின் பிள்ளைகளை நாளையே சாலையில் இறக்கிவிடலாமா? கூடாது. முதலில் மூன்று உண்மைகளை உணர வேண்டும்.

முதலாவது, இருள். 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. இதனால் பிப்ரவரி மாதத்தில் மலாக்காவில் சூரியன் உதிக்கும்பொழுது மணி ஏழேகாலைத் தாண்டிவிடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நேரம் அரையிருட்டு. பெண்பிள்ளைகளின் சீருடையோ கருநீலம். ஆகவே புத்தகப் பையின் பின்புறம் ஒளியை எதிரொளிக்கும் பட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். விலை சில வெள்ளி. பயன் ஓர் உயிர்.

இரண்டாவது, வேகம். மாணவர்களே, இதனைக் கணக்காகவே செய்து பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு நொடி போய்விடுகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவு இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். "லாரிக்காரர் நிறுத்திவிடுவார்" என்று நம்பி ஓடுவது அறியாமை.

மூன்றாவது, வயது. வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சரியாக மதிப்பிடும் ஆற்றல் ஒன்பது பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுமையாக அமைவதில்லை. இது அவர்களுடைய குற்றமன்று, வளர்ச்சியின் இயல்பு. எனவே சிறு பிள்ளைகள் தனியே சாலையைக் கடத்தல் ஆகாது.

இவற்றை மனத்திற்கொண்டு என் கருத்துகளை முன்வைக்கின்றேன்.

நடந்து வரும் பிள்ளைகள் குழுவாக வரட்டும். சப்பான் நாட்டில் பல தொடக்கப்பள்ளிகளில் இம்முறை நெடுங்காலமாக உள்ளது. ஒரே பகுதியில் வாழும் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, மூத்த மாணவர் முன்னே செல்ல, வரிசையாகப் பள்ளி செல்கின்றனர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பலர் எளிதில் கண்ணில் படும் மஞ்சள் தொப்பி அணிகின்றனர். நம் ஆறாம் ஆண்டு மாணவர்களால் அப்பொறுப்பை ஏற்க இயலாதா? கோயில் முகப்பிலோ கடைத் தெரு முனையிலோ கூடிப் புறப்படலாம். பெற்றோர் ஒருவர் முறைவைத்துத் துணை வரலாம். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்புற ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தவாறு நடக்க வேண்டும் என்பதை எவரும் மறத்தலாகாது.

மிதிவண்டி, நான்காம் ஆண்டிற்கு மேற்பட்டோருக்கே உரியது. அதுவும் பள்ளித் திடலில் நடத்தும் தேர்வில் தேறிய பின்னரே. ஒரு கையை விட்டுச் சைகை காட்டத் தெரிய வேண்டும். தோள்வழியே பின்னால் பார்த்தும் வளையாமல் ஓட்டத் தெரிய வேண்டும். மணி, பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு ஆகியவை செம்மையாக இருத்தல் வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். சாலையின் இடப்புறம் ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். அன்று நான் தடை விதித்ததற்கு மாறாக இத்தேர்வை நடத்தியிருந்தால், அந்த மாணவனின் கை முறிந்திராது.

பெண்பிள்ளைகளுக்கு மிதிவண்டி எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உளர். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்து நடத்தியது. மாவட்ட ஆட்சியராக இருந்த சீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள் ஓட்டக் கற்றனர். பிறர் துணைக்குக் காத்திராமல் வயலுக்கும் சந்தைக்கும் தாமே சென்றனர். கையெழுத்திடக் கற்றதும் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அவர்களுக்கு ஒரே விடுதலையின் இரு முகங்களாயின. நம் மகள்களுக்கு அதனை மறுப்பானேன்?

காரில் கொண்டுவந்தே ஆக வேண்டிய பெற்றோர், வாயிலுக்கு இருநூறு மீட்டர் முன்னதாகப் பாதுகாப்பான ஓரிடத்தில் பிள்ளையை இறக்கி, நடைக்குழுவோடு சேர்த்துவிடலாம். 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடலை உழைக்கச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. காலையும் மாலையும் கால் மணி நேர நடை, அதில் பாதியைத் தந்துவிடும்.

இறுதியாக, பெரியவர்களின் பொறுப்பு. செர்காம் வழியே மூவாருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் கனரக வாகனங்கள் ஓடுகின்றன. நடைபாதையும் கடக்கும் இடமும் இல்லாத பகுதியில் பிள்ளையை நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அதனை விதியென்று விட்டுவிடவும் கூடாது. நெதர்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டில் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் சாலையில் மடிந்தனர். பெற்றோர் கொதித்தெழுந்து வீதிக்கு வந்தனர், இயக்கம் கண்டனர். இன்று அந்நாட்டுப் பிள்ளைகள் அச்சமின்றி மிதிவண்டியில் பள்ளி செல்வதற்கு அவர்களின் குரலும் ஒரு காரணம். 2020இல் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடும், மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று வலியுறுத்தியது. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கடக்கும் இடம் வேண்டியும் நடைபாதை வேண்டியும் உரியவர்களுக்கு எழுத வேண்டும். பள்ளி தொடங்கும் அரை மணி நேரமும் விடும் அரை மணி நேரமும் பழ லாரிகளை உட்சாலையில் ஓட்டாதிருக்குமாறு தோட்ட நிருவாகத்தினரைப் பணிவுடன் கேட்கலாம். கேட்பதில் இழிவொன்றுமில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பர். பிள்ளையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் சுவர் உறுதிப்படாது. காவலின்றித் தெருவில் விட்டாலும் நிலைக்காது. பழக்கமும் பயிற்சியும் நல்ல பாதையுமே அதனை உறுதியாக்கும்.

பெற்றோர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளிவரை ஒருமுறை நடந்து வாருங்கள். எங்கே கால்வாய், எங்கே வளைவு, எங்கே நாய்த்தொல்லை என்று பார்த்து எனக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டே நம் நடைக்குழுவின் முதல் பாதையை வகுப்போம்.

பாதுகாப்பாக வருக! நன்றாகக் கற்க! நலமே இல்லம் திரும்புக!

அன்புடன்,
தலைமையாசிரியர்