விடுதிப் பள்ளிகளில் ஆசிரியர்–மாணவர் எல்லை: எங்கள் நிலைப்பாடு

கிறிஸ்டோஃப் ரோல் இயக்கி, 2014இல் ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் வெளியான ‘டீ அவுஸ்எர்வேல்ட்டன்’, விடுதிப் பள்ளியில் தலைமையாசிரியரே மாணவனைப் பாலியல் ரீதியாகச் சிதைப்பதைச் சொல்லும் படம். புதிதாக வந்த ஆசிரியை அதைக் கண்டு குரல் கொடுக்கிறார். உடனிருப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். விடுதி நடத்துவோருக்கு இப்படத்தைத் திரையிடலாமா? குழந்தைப் பாதுகாப்புக்காக இயங்கும் எங்கள் அமைப்பின் பதில்: திரையிட்டே ஆக வேண்டும்.

இது ஜெர்மனியின் ஓடன்வால்டு விடுதிப் பள்ளியில் நடந்ததைத் தழுவிய கதை. அதே வளாகத்தில் படமாக்கப்பட்டது. அங்கே ஆசிரியரும் மாணவர்களும் ‘குடும்பம்’ என்ற பெயரில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். மாணவர்கள் ஆசிரியரை ‘நீ’ என்றே அழைத்தார்கள், குளியலறையும் பொது. கண்டிப்பான பழைய கல்விக்கு மாற்று என்று பலரும் அதைக் கொண்டாடினார்கள். அந்தக் கட்டற்ற நெருக்கமே, 1972 முதல் 1985 வரை தலைமையாசிரியராக இருந்த கெரோல்டு பெக்கரின் பாலியல் குற்றங்களுக்கு மறைப்பாயிற்று. முன்னாள் மாணவர்கள் சொன்னதை 1999இல் ஒரு நாளிதழ் வெளியிட்டும் நாடு கண்டுகொள்ளவில்லை. 2010இல்தான் உண்மை வெடித்தது. விசாரணை அறிக்கை, பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 132 பேர் என்றது. பெரும்பாலான குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு அதற்குள் கடந்துவிட்டது. 2015இல் பள்ளி மூடப்பட்டது.

எனவே நாங்கள் வலியுறுத்துவது:

1. வீட்டைப் பிரிந்த பிள்ளைக்கு அரவணைப்பு வேண்டும். ஆனால் அது நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஆசிரியரின் படுக்கையறைக்கு மாணவர் போகக் கூடாது. குளியலறை தனித்தனியாக இருக்க வேண்டும்.

2. எல்லையைக் காப்பது முழுக்க ஆசிரியரின் பொறுப்பு. மாணவரே தேடி வந்தார் என்பது எந்த நிலையிலும் சமாதானமாகாது.

3. தலைமையாசிரியர் மீதான புகாரை அவரிடமே கொடுக்கச் சொல்லும் முறை ஒழிய வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். தனியே பேசத் தொலைபேசியும் வேண்டும்.

4. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். ‘பள்ளியின் பேர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைப்பவர்கள் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

படத்தை முதலில் நிர்வாகிகளும் ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் பார்க்கட்டும். மனநல ஆலோசகர் துணையின்றி மாணவர்களுக்குக் காட்ட வேண்டாம். பெற்றோரே, விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் முன் விடுதியைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளை சொல்வதை நம்புங்கள்; நம்பிய அன்றே புகார் கொடுங்கள்.