திறனை இருவரும் அமர்ந்து மதிப்பிடுவோம்

சயான் இரயில் நிலையத்தின் மேற்குப் புறமாக இறங்கித் தாராவிக்குள் செல்பவர்கள் தோல், துணி, மண், மாவு என எத்தனையோ பொருள்கள் மனிதக் கைகளால் உருமாறுவதைக் காணலாம். அங்குள்ள பட்டறை ஒன்றில், இந்தக் காரீகர் எந்த அளவுக்குத் திறமையானவர் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "சேட்டுக்குத் தெரியும்." தமிழர் பணிபுரியும் இடமாயின் "மேஸ்திரிக்குத் தெரியும்" என்பார்கள்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள நம்பிக்கையை நாம் குறைத்துப் பேச விரும்பவில்லை. தாராவியில் முதல் தோல் பதனிடும் ஆலை 1887-இல் ஏற்பட்டது என்பர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் அத்தொழிலில் காலூன்றிய நாள் முதல், வாய்ச்சொல்லே சான்றிதழாக இருந்து வந்திருக்கிறது. பதனிடும் தொழில் பெரும்பாலும் அங்கிருந்து அகன்றுவிட்டது. பையும் பெல்ட்டும் பணப்பையும் செய்யும் பட்டறைகள் நிலைத்திருக்கின்றன. வாய்ச்சொல்லும் நிலைத்திருக்கிறது. ஆனால் சேட் கடையை மூடும் நாளில், அல்லது மேஸ்திரி ஊருக்குத் திரும்பும் நாளில், ஒருவரது இருபதாண்டுத் திறனுக்கான ஒரே சாட்சியும் போய்விடுகிறது. அடுத்த பட்டறையில் அவர் புதியவர், கூலியும் புதியவருக்குரியதே. தாராவி மறுசீரமைப்பினால் எந்தப் பட்டறை எங்கே செல்லும் என்ற கேள்வி வீதிதோறும் பேசப்படும் இக்காலத்தில், இது சிறிய கவலையன்று.

ஒரு பணியாளரின் திறனை முதலாளியோ மேலாளரோ தனியாக எடைபோடுவதை விடுத்து, பணியாளரும் உடனமர்ந்து மதிப்பிட்டு, அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதே நமது கருத்து. தோல் பட்டறைக்குப் பொருந்தும் இது, மாட்டுங்காவின் உணவகத்துக்கும் செம்பூரின் தொழிற்சாலைக்கும், ஏன், வங்கிக் கிளைக்கும் பொருந்தும்.

தனியாக எடைபோடும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமது அரசுப் பணிகளே எடுத்துக்காட்டு. நெடுங்காலம் ஒவ்வோர் ஊழியரைப் பற்றியும் மேலதிகாரி ஆண்டுதோறும் 'இரகசிய அறிக்கை' எழுதி வந்தார். பெயரிலேயே இரகசியம். பாதகமான குறிப்புகள் மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டன. மற்றவை உறையிலேயே உறங்கின. எல்லைச் சாலைகள் துறையில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு ஓராண்டு 'நன்று' என்று எழுதப்பட்டது. நன்று என்பதில் என்ன குறை? பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவைப்பட்டது. அந்த ஒரு சொல் குறைந்ததால் உயர்வு போயிற்று. பாதகமான குறிப்பு அன்று என்பதால் அவருக்கு அது அறிவிக்கப்படவும் இல்லை. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில், குறிப்பு எதுவாயினும் அது உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறுபரிசீலனையில் தகுதி பெற்றால் உயர்ந்த ஓய்வூதியம் தரப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. பதவியில் இருந்தபோது கிடைத்திருக்க வேண்டிய ஒன்றுக்கு ஓய்வூதியத்தில் ஈடு! அடுத்த ஆண்டே மத்திய அரசு, மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்றும், மாற்றுக் கருத்து இருந்தால் 15 நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்றும் விதித்தது.

காட்டுவது நல்ல தொடக்கம். எனினும் எழுதி முடித்த பிறகு காட்டுவதும், எழுதும்போதே உடனிருப்பதும் ஒன்றாகா. எழுதி முடித்ததைப் பார்ப்பவர் மேல்முறையீடு செய்யலாம்; உடனிருப்பவர்தான் திருத்தம் சொல்ல முடியும்.

இவ்வேறுபாட்டை மும்பை நகரத்து நிறுவனம் ஒன்று அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தது. 1938-இல் இரு டேனிஷ் பொறியாளர்கள் இங்கே தொடங்கிய லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம், 1974-இல் தன் மதிப்பீட்டு முறையைச் சீர்செய்ய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர்கள் உதய் பரீக், டி. வி. ராவ் இருவரையும் நாடியது. அவர்கள் அளித்த ஆலோசனையின் சாரம், ஒரே படிவத்தின் மீது எல்லாச் சுமையையும் ஏற்றாதீர்கள் என்பதே. செய்து முடித்த வேலையை அளப்பது ஒன்று. இனிச் செய்யக்கூடிய ஆற்றலை அறிவது வேறொன்று. மேலாளரும் பணியாளரும் அமர்ந்து குறை நிறைகளைப் பேசுவது இன்னொன்று. இவற்றைப் பிரித்து, மனித வள மேம்பாட்டுக்கெனத் தனித் துறையே அமையுங்கள் என்றார்கள். இந்தியாவில் அப்பெயரில் முறையாக அமைந்த முதல் துறை அதுவே என்று சொல்லப்படுகிறது. இன்று சிறு அலுவலகத்தின் பெயர்ப்பலகையிலும் அச்சொற்றொடரைக் காண்கிறோம். அமர்ந்து பேசும் பகுதி மட்டும் எப்படியோ பல இடங்களில் உதிர்ந்துவிட்டது.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்குத் துறையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தேவையில்லைதான். ஒரு தாளும் ஒரு மணி நேரமும் போதும்.

தோல் பை செய்யும் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே இரு காரீகர்கள் தோல் வெட்டுகிறார்கள். ஒருவர் வேகமானவர், மற்றவர் நிதானமானவர். முதலாளியின் கண்ணில் முன்னவரே கெட்டிக்காரர். நிதானமானவரை அருகில் அமர்த்திக் கேட்டால்தான் வேறொன்று வெளிவரும். முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது. வயிற்றுப் பக்கத் தோல் தளர்ந்து இழுபடும். உண்ணி கடித்த வடு, முள் கீறிய தழும்பு, கத்தி பட்ட தடம் ஆகியவை எங்கெங்கே உள்ளன என்று விரலால் தடவிப் பார்த்து, பையின் முகப்புக்கு எது, உட்புறத்துக்கு எது என்று முடிவு செய்த பின்னரே அவர் அளவு அட்டையை வைக்கிறார். நூறு சதுர அடித் தோலில் வேகக்காரர் 38 பைக்குத் துண்டுகள் எடுக்கிறார், இவர் 41 பைக்கு எடுக்கிறார் என்று கொள்வோம். தோல் சதுர அடிக் கணக்கில் வாங்கப்படும் பொருள். மூன்று பைக்கான தோல் மாதம் முழுவதும் எவ்வளவாகும் என்பதை எந்தச் சேட்டுக்கும் நாம் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை. 'மந்தம்' என்று அவர் மனத்தில் எழுதி வைத்திருந்தது உண்மையில் சிக்கனம்.

பணியாளர் சொல்வதெல்லாம் வேதம் என்றும் நாம் கருதவில்லை. தன் தையல் நேராக இருக்கிறது என்று நம்புபவரின் தையல், கைப்பிடி திரும்பும் வளைவில் கோணியிருக்கலாம். அதை முதலாளியோ வாடிக்கையாளரோதான் சொல்ல வேண்டும். இன்னொரு வினோதமும் உண்டு. தனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கும் இயந்திரத்தை ஓட்டத் தெரியும் என்று ஒப்புக்கொண்டால், நாள் முழுதும் அதிலேயே உட்கார வைத்துவிடுவார்களே என்ற அச்சம். மேலாளரின் தனி மதிப்பீடு இத்தகைய மறைப்பை ஒருபோதும் கண்டுபிடிப்பதில்லை.

ஆகவே வேலையைச் சிறு சிறு செயல்களாக எழுதிக்கொள்ள வேண்டும்: தோல் தேர்தல், வெட்டுதல், ஓரம் சீவுதல், பசையிட்டு மடித்தல், தைத்தல், ஜிப் பொருத்துதல், இறுதிச் சோதனை. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவது வீண் சச்சரவையே வளர்க்கும். பிறர் உடனிருந்தால் செய்வார், தனியே செய்வார், பிறருக்குக் கற்றுக்கொடுப்பார் என்ற மூன்று நிலைகள் போதும். இருவரும் தனித்தனியே குறித்துவிட்டுப் பின்பு அமர வேண்டும். ஒத்துப்போகும் இடங்களைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. வேறுபடும் இடத்தில், செய்த பை ஒன்றை நடுவில் வைத்துப் பேசினால் போதும்.

பை நடுவில் இருப்பதற்கு மற்றொரு காரணமும் சயானில் உண்டு. இங்கே முதலாளி பேசுவது ஒரு மொழி, காரீகர் சிந்திப்பது வேறொரு மொழி; இருவரும் சந்திப்பது பம்பாய் இந்தியில். அம்மொழியில் சாமர்த்தியமாகப் பேசுபவர் திறமைசாலியாகத் தோன்றுவதும், திக்கிப் பேசும் நம் ஊர்க்காரர் ஒன்றும் தெரியாதவராகத் தோன்றுவதும் அன்றாடக் காட்சி. வீட்டிலிருந்தபடியே நூல் பிசிறு நீக்கிப் பிழை பொறுக்கித் தரும் பெண்களுக்கோ பேசும் வாய்ப்பே அமைவதில்லை. தரச்சோதனை என்று பெரிய ஆலைகளில் பதவியாகக் கருதப்படும் வேலையை அவர்கள் 'உதவி' என்ற பெயரில் செய்து வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வோம்: இந்த அமர்வில் கூலிப் பேச்சு கூடாது. கூலி உயர்வு தொங்கிக்கொண்டிருக்கும் நாளில் எவரும் 'இது எனக்கு வராது' என்று சொல்லமாட்டார். எந்த முதலாளியும் 'இதில் நீ வல்லவன்' என்று தாராளமாகப் பாராட்டமாட்டார். கூலிக்கு வேறு நாள் குறிக்கலாம். ஆனால் அந்த நாள் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் மனந்திறக்கமாட்டார்கள்.

எழுதப்பட்ட தாள் அரசுச் சான்றிதழ் ஆகாது. அதற்குத் தனி வழி உண்டு. 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்ட பிறகு, பள்ளியில் கற்காமல் பட்டறையில் கற்றவரின் திறனையும் சோதித்துச் சான்றளிக்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்னும் ஏற்பாடு வந்தது. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில் அதுவும் ஓர் அங்கம். சுயமாகத் தொழில் செய்யும் காலணித் தொழிலாளர், தையற்காரர், குயவர் உள்ளிட்ட 18 தொழிலினருக்கு, 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டம் இருக்கிறது. அதில் அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு முதலில் 1 லட்சம், பின்னர் 2 லட்சம் ரூபாய் வரை, பிணையின்றி 5 விழுக்காட்டு வட்டியில் கடன் கிடைக்க வழியுண்டு. இத்தகைய சோதனைக்குச் செல்பவர், தன் வேலையை ஏற்கெனவே செயல் செயலாகப் பிரித்துப் பேசிப் பழகியிருந்தால் தடுமாறமாட்டார். தனக்கு எது வரும், எது வராது என்பதையும் அறிந்தே செல்வார்.

திறமையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அடுத்த சந்துக்காரர் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவாரே என்று முதலாளிகள் சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் தொண்ணூறு அடிச் சாலையின் தேநீர்க் கடைகளில் யார் கை சுத்தம், யார் கை வேகம் என்பது ஏற்கெனவே ஊரறிந்த செய்தி. தாள் இல்லாததால் எந்தக் காரீகரும் இதுவரை நின்றுவிடவில்லை. கற்பிக்கும் நிலையில் உள்ளவர் என்று தன் பெயருக்கு நேரே முதலாளியே எழுதக் கண்டவர், புதிதாக வந்த பையனைத் தன் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளத் தொடங்குவார்; அவர் ஒருநாள் போனாலும் பட்டறையில் கை இருக்கும்.

தாள் இரண்டு படிகளாக இருக்கட்டும், இரண்டிலும் இருவர் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். ஒரு படி சேட்டின் கோப்பில்; மற்றது காரீகரின் தகரப் பெட்டியில், ஆதார் அட்டைக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் இடையில்.