ஒரு கிலோ தேனில் இருபது புட்டி

வானம் பார்த்த பூமியான அச்சங்குளம், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மழை பொய்த்தால் பட்டாசு ஆலையே கதி என்பது யாவரும் அறிந்ததே. 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காட்டு வருமானம் வீட்டுக்குப் போதாதவரை, ஆபத்து என்று தெரிந்தே ஜனங்கள் அங்கு வேலைக்குப் போகத்தான் செய்வார்கள். எனவே நிலத்தை ஒட்டிய உபதொழில் சிறியதே ஆனாலும், அதில் நாலு காசு கூடுதலாக வர வழி உண்டா என்று பார்ப்பது அவசியம். தேனீ வளர்ப்பு அத்தகைய உபதொழில்களுள் ஒன்று.

பெட்டி வைத்தவர்களின் குறை ஒன்றுதான்: எடுத்த தேனுக்குத் தக்க விலை இல்லை. சர்க்கரைப் பாகு கலந்த மலிவுத் தேனோடு நல்ல தேன் போட்டி போட வேண்டியிருக்கிறது. இந்நிலையில் வடக்கே ஒரு புதிய கிராக்கி முளைத்துள்ளதை உழவர் பெருமக்கள் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிர மாநிலம் புனேயில் ‘மூன்ஷைன்’ என்ற நிறுவனமும், நாசிக்கில் ‘செரானா’ என்ற நிறுவனமும் தேனிலிருந்து நுரைக்கும் மது தயாரிக்கின்றன. ஆங்கிலத்தில் இதை ‘மீட்’ என்பர். நமக்கும் இது புதிதன்று. மலைக் குறவர் மூங்கில் குழாயில் தேனை ஊறவைத்துத் தேறலாக்கியதைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது.

இதை இங்கே காய்ச்சச் சொல்லவில்லை. 1937-ம் வருடத்திய மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி வீட்டில் ஒரு புட்டி தயாரித்தாலும் குற்றமே. ஆனால் செய்முறையைத் தெரிந்துகொள்வது குற்றமல்ல. வாங்குபவன் நம் தேனை என்ன செய்கிறான் என்று தெரிந்தால்தான் விலை பேச முடியும்.

செய்முறை

லிட்டருக்குச் சுமார் 150 கிராம் தேன் வரும்படி தண்ணீரில் கரைக்கிறார்கள். அதில் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். தேனில் தழைச்சத்து மிகக் குறைவு. அதனால் ஈஸ்ட் செழிக்க அதற்கும் சிறிது உரம் போல் ஊட்டம் இடுகிறார்கள். 20 டிகிரி சென்டிகிரேடு அளவில் குளிர்ச்சியாக வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரைக்கு 1 சதவிகிதம் ஆல்கஹால் என்ற கணக்கில், இதில் சுமார் 7 சதவிகிதம் வரும்.

பிறகு தெளியவைத்து, நுரைப்பதற்காகப் புட்டியில் மறுபடி கொஞ்சம் தேனோ சர்க்கரையோ இட்டு மூடுகிறார்கள். உள்ளே பிறக்கும் வாயு வெளியேற வழியின்றிப் பானத்திலேயே கரைகிறது. லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை இட்டால், கார் டயரில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் உண்டாகும். அடைபட்ட வாயு என்ன செய்யும் என்று நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனத்த புட்டி இல்லாவிட்டால் வெடித்துச் சிதறும். புட்டியில் ஊறவைக்காமல், கரியமில வாயுவை நேரே செலுத்தும் முறையும் உண்டு.

விலைக் கணக்கு

மேற்சொன்ன அளவில் ஒரு கிலோ தேனுக்கு ஆறரை லிட்டருக்குமேல் மது கிடைக்கும். 330 மில்லி புட்டியில் அடைத்தால் இருபது புட்டி. ஆகவே ஆலைக்காரர் நமக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், ஒரு புட்டிக்கு அவருக்கு ஏறும் செலவு 5 ரூபாயே. கடையில் கிலோ கணக்கில் தேன் வாங்குபவருக்கு 100 ரூபாய் பெரிய பாரம், ஆலைக்கு அப்படியல்ல.

அந்தக் கூடுதல் விலை சும்மா வராது. சர்க்கரையெல்லாம் ஈஸ்டுக்கு இரையானபின் மதுவில் எஞ்சுவது பூவின் மணம்தான். சர்க்கரைப் பாகு கலந்த தேனிலும், காய்ச்சிய தேனிலும் அந்த மணம் குன்றிவிடும். ஆகவே பூ இல்லாத காலத்தில் தேனீக்குக் கொடுத்த சர்க்கரைக் கரைசல் தேன் அறையில் சேராதபடி பார்க்க வேண்டும். முருங்கை, வேம்பு, எள், கொத்தமல்லி, சூரியகாந்தி ஆகியவற்றின் பூப்புக் காலத்தை ஒட்டித் தேனைத் தனித்தனியே எடுத்து, தேதியும் பூவின் பெயரும் எழுதி வைக்க வேண்டும். தேனீக்கள் மெழுகு மூடியிட்ட அடைகளையே பிழிய வேண்டும். ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேற்பட்டால் தேன் டின்னிலேயே புளித்துவிடும். ஆலைக்கு நன்மை செய்யும் நொதித்தல், நம் டின்னில் நடந்தால் நஷ்டம்.

ஆட்சேபணைகள்

மதுவால் சீரழிந்த குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். அதற்கு உழவன் துணைபோகலாமா என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. மனம் ஒப்பாதவர் நாட்டு மருந்துக் கடைக்குத் தம் தேனைக் கொடுக்கட்டும். சுத்தமான தேனுக்கு அங்கும் மதிப்பு உண்டு. எனினும் கரும்புக் கழிவுப் பாகு சாராய ஆலைக்குப் போவதை நாம் கரும்பு விவசாயியின் குற்றமாகச் சொல்வதில்லை. தேனுக்கு மட்டும் வேறு நியாயம் ஏன்?

இரண்டாவது ஆட்சேபணை அளவைப் பற்றியது. இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றில் வருடத்துக்கு 5 முதல் 10 கிலோ வரை கிடைத்தால் நல்ல மகசூல். வறண்ட வருடத்தில் அதுவும் குறையும். ஐந்து பெட்டிக்காரரின் தேனுக்காகப் புனேயிலிருந்து லாரி வராது. பல ஊர்த் தேனைச் சேர்த்து, சோதித்து, தரம் பிரித்து அனுப்புவதை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கைக்கருவி ஒன்று இருந்தாலே பாதிச் சண்டை தீரும். பயிற்சிக்கு அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பூத்திருக்கும் பயிரில் பகல் வேளையில் பூச்சிமருந்து தெளிப்பதை ஊர்க் கட்டுப்பாடாகவே நிறுத்த வேண்டும்.

தேனீப் பெட்டி பட்டாசு ஆலைக் கூலிக்கு ஈடாகிவிடாது. ஆனால் சூரியகாந்தியில் மணிபிடிப்பைக் கூட்டி, மேற்கொண்டு தேனும் தரும். மதுவைக் காய்ச்சுபவன் யாராக இருந்தாலும், மணத்துக்கு அவன் நம் காட்டுப் பூக்களைத்தான் நம்ப வேண்டும். அந்த மணத்துக்கு உரிய விலையை இருபது புட்டிக் கணக்கைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.