யாருடைய கைபேசி?

ஜப்பான் தேசத்து சர்க்கார் வருஷந்தோறும் தன் பிரஜைகளிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. வீட்டில் கைபேசி உண்டா, கம்ப்யூட்டர் உண்டா, இணையத்தில் என்னென்ன செய்கிறீர்கள், அதைப் பற்றி மனத்தில் அச்சம் ஏதேனும் உண்டா என்று விசாரித்து, கிடைத்த விடைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. செய்தித் தொடர்பைக் கவனிக்கும் இலாகாவின் வெள்ளை அறிக்கை என்று அதற்குத் தனியாக ஒரு நூலும் வருஷா வருஷம் வருகிறது.

அந்த அறிக்கைகளில் இரண்டு விஷயங்கள் நம் கவனத்துக்கு உரியவை. 2014ஆம் வருஷத்து அறிக்கையின்படி, அப்போது ட்விட்டர் என்று வழங்கிய தளத்தில் எழுதிய ஜப்பானியரில் நூற்றுக்கு 75 பேர் சொந்தப் பெயரை மறைத்துக் கொண்டே எழுதினார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். 2018ஆம் வருஷத்து அறிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்று, சமூக வலைத்தளங்களில் அறிமுகமாகும் மனிதர்களில் பெரும்பாலோர் நம்பத் தகுந்தவர்களா என்று கேட்டது. நம்பலாம் என்ற ஜப்பானியர் நூற்றுக்கு 13 பேர். பிரிட்டனில் மூன்றில் இரண்டு பங்கினர் நம்பலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

இத்தனைக்கும், கைபேசியிலேயே இணையத்தைப் பார்க்கும் ஏற்பாட்டைப் பொது ஜனங்களிடம் பரப்பியதில் ஜப்பான் முன்னோடி. 1999ஆம் வருஷம் பிப்ரவரி மாதமே ‘ஐ-மோட்’ என்ற சேவை அங்கே ஆரம்பமாகி விட்டது. நம் ஊர்களில் கைபேசி என்பது மிராசுதார்களின் ஆடம்பரப் பொருளாயிருந்த காலம் அது. நீண்ட காலப் பழக்கம் உள்ளவர்களே இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்றால், அந்த ஜாக்கிரதை அறியாமையினால் வந்ததன்று என்பது தெளிவு.

இனி நம் தேசத்தைப் பார்ப்போம். நம்மிடமும் கணக்கு எடுக்கிறார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2017-18ஆம் வருஷத்தில், இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 24 குடும்பங்களுக்கே இணைய வசதி உண்டு என்று சொல்லிற்று. கிராமங்களில் 15, நகரங்களில் 42. அதே ஸ்தாபனம் 2025ஆம் வருஷம் ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த கணக்கில் அந்த 24 என்பது 86 ஆகிவிட்டது. ஏழெட்டு வருஷங்களுக்குள் இப்படி மலை ஏறிய வேறு கணக்கைக் காண்பது அரிது. 2016ஆம் வருஷம் செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்து விலைவாசியைக் கீழே தள்ளியதும், 2020இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடமே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்ததும் இதற்கு முக்கிய காரணங்கள்.

நூற்றுக்கு 86 என்று கேட்டவுடன் நமக்குப் பெருமை உண்டாவது இயற்கைதான். ஆனால் பெருமைப்படுவதற்கு முன், கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது, எப்படிக் கேட்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் ஆராய வேண்டும்.

பீங்கான் தொழில் நடக்கும் நம் விருத்தாசலத்தில் இதை விளக்குவது சுலபம். சூளையின் உஷ்ணத்தை அறிவதற்குக் களிமண்ணால் செய்த சிறு கூம்புகளை உள்ளே வைப்பதுண்டு. ஜெர்மனியில் ஸேகர் என்ற ரஸாயன அறிஞர் 1886ஆம் வருஷம் வகுத்த முறை இது. குறிப்பிட்ட சூடு ஏறியதும் கூம்பின் நுனி வளைந்து தலை கவிழும். அந்தக் கூம்பு, தான் நிற்கும் இடத்துச் சூட்டைத்தான் சொல்லும். வாசலருகே ஒரே ஒரு கூம்பை வைத்துவிட்டு, மூலையில் அடுக்கிய பொம்மைகளும் வெந்திருக்கும் என்று தீர்மானிக்கிறவன் நஷ்டப்படுவான். குடும்பத்துக்கு ஒரு கேள்வி கேட்டு எடுக்கும் கணக்கும் வாசலருகே வைத்த கூம்புதான். அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் சூடு எப்படி என்று அது சொல்லாது.

ஆட்களைத் தனித்தனியே கேட்ட கணக்குகளும் இருக்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, ‘எப்போதாவது இணையத்தை உபயோகித்தது உண்டா?’ என்று ஆண்களையும் பெண்களையும் தனியாக விசாரித்தது. இந்தியா முழுவதிலும் ஆண்களில் நூற்றுக்கு 57 பேரும், பெண்களில் 33 பேரும் உண்டு என்றார்கள். கிராமத்துப் பெண்களில் 25 பேர்தான். கல்வியில் முன்னேறிய மாகாணம் என்று நாம் மார்தட்டிக் கொள்ளும் தமிழ்நாட்டிலும் ஆண்கள் ஏறக்குறைய 70, பெண்கள் 47. ஒரே கூரையின் கீழ், ஒரே சோற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குள் இவ்வளவு தூரம் வித்தியாசம்!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘இணையம்’ என்ற சொல்லே கேட்கிறவருக்கு ஓர் அர்த்தமும் பதில் சொல்கிறவருக்கு வேறோர் அர்த்தமும் தருகிறது. இலங்கையிலிருந்து இயங்கும் லர்ன்ஏஷியா என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் இந்தோனேஷியாவில் விசாரித்தபோது, இணையத்தை உபயோகிப்பதே இல்லை என்று பலர் சொன்னார்கள். பிறகு உட்கார வைத்துச் சாவகாசமாகப் பேசியபோதோ, பேஸ்புக்கைப் பற்றி உற்சாகமாகப் பேசினார்கள். அவர்களுக்குப் பேஸ்புக் வேறு, இணையம் வேறு. நம் ஊரிலும் இதே கதைதான். ‘நெட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க’ என்கிற பாட்டியம்மாள், பேரனுடைய படம் வாட்ஸ்அப்பில் வரவில்லையே என்று காலையிலிருந்து கைபேசியைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். ஆகையால் மேலே சொன்ன கணக்குகள் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். அப்படி வைத்துக் கொண்டாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி மறைந்து போவதில்லை.

பெரியவர்கள் விஷயம் இருக்கட்டும். பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம். பிரதம் ஸ்தாபனத்தார் ‘அஸெர்’ என்ற பெயரால் நடத்தும் கல்விக் கணக்கெடுப்பு, 2023ஆம் வருஷம் 28 ஜில்லாக்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய 35,000 பேரைச் சந்தித்தது. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த ஜில்லா, நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக் கூடிய பெரம்பலூர். தேச முழுவதுமாகச் சேர்த்து வந்த முடிவு இது: ஏறக்குறைய நூற்றுக்கு 90 பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதை உபயோகிக்கவும் அவ்வளவு பேருக்குத் தெரிகிறது. ஆனால் உபயோகிக்கத் தெரிந்த பையன்களில் 44 பேரிடம் சொந்தக் கைபேசி இருக்க, பெண் பிள்ளைகளில் 20 பேரிடந்தான் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் தாய்மொழிப் பாடத்தைத் தடையின்றி வாசித்தவர்கள் பெண் பிள்ளைகளில் 76, பையன்களில் 71. நன்றாக வாசிக்கத் தெரிந்த கையில் கருவி குறைவு. இது என்ன நியாயமென்று தெரியவில்லை.

‘படிக்கிற பெண்ணுக்குக் கைபேசி எதற்கு? அப்பாவினுடையது இருக்கிறதே!’ என்று பெற்றோர் கேட்கக்கூடும். பையன்கள் கைபேசியை வைத்துக் கொண்டு நேரத்தைப் பாழாக்குவதைக் கண்டவர்கள் கேட்கிற கேள்வி இது. சொந்தக் கைபேசி என்றால் எல்லாம் நன்மைதான் என்று நானும் வாதாடவில்லை. ஆனால் இப்போது கைபேசி பொழுதுபோக்குச் சாமானாக மட்டும் இல்லை. கல்லூரி விண்ணப்பம், உதவித் தொகை, பாங்கிக் கணக்கு, பரீட்சை முடிவு எல்லாவற்றுக்கும் அது வீட்டு வாசற்கதவு மாதிரி ஆகிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி ஆரம்பமாயிற்று. பணம் பெண்ணின் பாங்கிக் கணக்குக்கு வருகிறது. அது வந்ததென்ற செய்தி எந்தக் கைபேசிக்கு வருகிறது? விண்ணப்பம் போடும்போது வரும் ‘ஓ.டி.பி.’ என்ற இரகசிய எண்ணோ சில நிமிஷங்களில் காலாவதியாகிவிடும். தகப்பனார் லாரியோடு சேலத்தில் இருக்கிறார், அண்ணன் வேலைக்குப் போய்விட்டான் என்றால், அந்தப் பெண் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் மையத்து வாசலில் நின்றுகொண்டு யாரோ ஒருவர் போன் எடுப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பு ஆறு இலக்கங்களுக்காக வாசலில் நிற்கிறது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் கண்டுவரும் காட்சி இது.

பெற்றோரின் தயக்கத்துக்கு உண்மையான காரணம் செலவு மட்டுமன்று, பயம். அந்தப் பயத்தை எள்ளி நகையாடுவது சரியல்ல. வலையில் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். படங்களைத் திரித்து மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம்முடைய பயம் விபரீதமான முறையில் வேலை செய்கிறது. தெரியாத மனிதனைப் பற்றிப் பயப்படுகிறோம். தெரிந்தவர்கள் அனுப்பும் பொய்யைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். ஜப்பானியர் பெயர் தெரியாதவரை நம்புவதில்லை. நமக்கோ செய்தி மாமாவிடமிருந்து வந்ததா, சித்தப்பாவிடமிருந்து வந்ததா என்பதே போதுமானதாயிருக்கிறது. மாமாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இதன் விலை என்னவென்று 2018ஆம் வருஷம் மே மாதம் தமிழ்நாடு கண்டது. பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஊரூராகப் பரவியது. திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்கு அருகேயுள்ள அத்திமூரில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்துக்காக ஒரு முதிய பெண்மணியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. குல தெய்வத்தைக் கும்பிட வந்த குடும்பத்தார் அவர்கள். அந்த வருஷம் ஜூலை மாதம் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. கம்பெனி பூட்டுப் போட்டது. நம் மனத்துக்கு நாம் பூட்டுப் போட்டோமா என்பதுதான் கேள்வி.

வீட்டிலும் இந்த விபரீதம் உண்டு. ஒரு பெண்ணுக்கு யாரோ ஆபாசமாகச் செய்தி அனுப்பினால், வீட்டார் முதலில் செய்யும் காரியம் என்ன? அவளுடைய கைபேசியைப் பிடுங்கி வைப்பதுதான். திருடு போன வீட்டுக்காரருக்குச் சிறைத் தண்டனை விதிப்பது போன்றது இது. இதைக் கண்ட மற்றப் பெண்கள், தமக்கு ஏதாவது நேர்ந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்ற பாடத்தைக் கற்றுக் கொள்கிறார்கள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனந்தானே? இத்தகைய குற்றங்களைப் பற்றிப் புகார் செய்ய 1930 என்ற தொலைபேசி எண் தேசம் முழுவதற்கும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக் காலண்டரிலும் பால் கணக்குக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வைக்கலாம். வேண்டாதவரைத் தடுப்பது, ரகசியச் சொல்லை மாற்றுவது முதலிய பாதுகாப்பு முறைகள், அஸெர் கணக்குப்படி சமூக வலைத்தளங்களில் புழங்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானோருக்கே தெரிகின்றன. மீதிப் பேருக்குக் கற்றுக் கொடுப்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம்.

நம் ஊர்த் தொழிலுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையிலே நெய்வேலிப் பக்கத்துக் களிமண் அச்சில் இறங்கிப் பொம்மையாக வெளிவரும்போது, கண்ணும் மூக்கும் எழுதி வர்ணம் தீட்டுவதில் பெண்களின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நவராத்திரிக்கு முன்பு அந்தப் பொம்மைகளின் படங்கள் கைபேசி வழியாக வெளியூர்களுக்குப் போகின்றன. வர்ணம் தீட்டிய கைக்கும் படம் அனுப்பும் கைக்கும் உறவு உண்டானால், விலை பேசும் சாமர்த்தியமும் அந்தப் பெண்களுக்கு வந்து சேரும். சுதேசித் தொழில் வாழ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதையும் விரும்ப வேண்டும். ராட்டினத்தை ஒவ்வொரு வீட்டிலும் வைக்கச் சொன்ன மகாத்மா, அதை ஆண்பிள்ளையின் அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லவில்லை.

சர்க்கார் கணக்கு எடுக்கும்போது எடுக்கட்டும். அதற்கு முன்னால், இந்தப் பத்திரிகையை வாசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தன் கணக்கைத் தானே எடுத்துப் பார்க்கலாம். செலவு ஒன்றும் கிடையாது. கேள்விகள் மூன்றுதான். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், கேட்டு வாங்காமல் எடுத்து உபயோகிக்கும் கைபேசி உண்டா? பெண்களுக்கு வர வேண்டிய சர்க்கார் செய்திகளும் பாங்கிச் செய்திகளும் யாருடைய எண்ணுக்கு வருகின்றன? இணையத்தில் ஒரு தொல்லை நேர்ந்தால், பயப்படாமல் யாரிடம் வந்து சொல்லலாம் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். பதில் சொல்ல அவர்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எழுதிக் கொள்ளுங்கள்.