விசாரணைக்கு முன்பே தீர்ப்பு

அகமதாபாத்தில் விழித்திரை நோய்க்கு அவாஸ்டின் ஊசி போட்டுக்கொண்ட 15 பேரின் கண்கள் பாதிக்கப்பட்டன. கெட்டது மருந்தா, அதைச் சிறு ஊசிகளாகப் பிரித்த இடமா, போலிச் சரக்கா என்று தெளிவாகும் முன்பே, அந்த மருந்தைக் கண்ணில் போடக் கூடாது என்று 2016 ஜனவரியில் டெல்லியின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஓலை அனுப்பிவிட்டது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் இருந்துகொண்டு நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. 2010 தேசியச் சுகாதார ஆய்வின்படி இங்குள்ள வயதுவந்த இந்தியரில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பலதுறை மருந்தகத்தில் விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ளும் நாம்தான், ஊரில் அம்மாவின் கண் ஊசிக்கும் பணம் அனுப்புகிறோம்.

அந்த ஓலைக்குப் பின் அந்த அம்மாவுக்கு என்ன வழி இருந்தது? நீரிழிவால் விழித்திரையின் நடுவே வீக்கம். விலை கூடிய லூசென்டிஸ் ஊசி வாங்க வசதியிருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் மலிவான ஸ்டீராய்டு ஊசிதான். வீக்கம் வடியும், கூடவே கண் அழுத்தம் ஏறலாம், புரை வளரலாம். கண்ணுக்குள் வெள்ளைத் துகள்கள் மிதப்பதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புரை அறுவை முடிந்த சிலருக்கு ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், ஓலை எழுதுபவர் அல்லர். அவாஸ்டின் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து என்பது குற்றமென்றால், ஆண்டுக்கணக்கில் கண்ணில் போடப்படும் கெனகார்ட் என்ற ஸ்டீராய்டும் மூட்டுக்கும் தசைக்கும் போடும் ஊசிதானே!

4 மில்லி குப்பியிலிருந்து கண்ணுக்குத் தேவை 0.05 மில்லி. ஒரே குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிப்பதால்தான் விலை குறைகிறது, ஆபத்தும் அங்கேதான். 2011இல் மயாமியில் குறைந்தது 12 பேருக்குக் கண்ணில் தொற்று வந்தபோது, பிரித்துக் கொடுத்த மருந்தகத்தைக் கண்டுபிடித்தார்கள், மருந்தை நிறுத்தவில்லை.

டெல்லிக்கு இது புதிதல்ல. 2013 ஜூனில் பயோகிளிடசோன் என்ற மலிவான நீரிழிவு மாத்திரையைத் திடீரென நிறுத்தினார்கள்; ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, இந்தியாவில் பரிசோதிக்காமலே மருந்துகளுக்கு அனுமதி தந்ததற்காக நாடாளுமன்றக் குழுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இவர்களே. விட வேண்டியதைப் பிடிப்பார்கள், பிடிக்க வேண்டியதை விடுவார்கள்.

அவாஸ்டின் ஓலையையும் 2016லேயே திரும்பப் பெற்றீர்கள். அடுத்த முறையாவது ஓலை எழுதும் முன்பே கண் மருத்துவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். 2013இல் மாத்திரை கிடைக்காதவர்கள் வேறு மாத்திரை விழுங்கிச் சமாளித்தார்கள். வீங்கிய விழித்திரை உங்கள் மனமாற்றத்துக்காகக் காத்திருக்காது.