மின்னணு மருத்துவப் பதிவேடு: மருத்துவர்கள் முன்னின்று வழிநடத்துவது நோயாளிகளுக்கு ஏன் முக்கியம்?

மருத்துவமனைகளில் காகிதக் கோப்புகளின் இடத்தை மின்னணு மருத்துவப் பதிவேடுகள் பிடித்து வருகின்றன. நோய் வரலாறு, ஒவ்வாமை, பரிசோதனை முடிவுகள், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை ஒரே இடத்தில் கிடைத்தால் சிகிச்சை விரைவாகவும் பாதுகாப்பாகவும் அமையும் என்பதே இம்மாற்றத்தின் நோக்கம். ஆயினும் கணினிகளை நிறுவுவதால் மட்டும் இந்நோக்கம் நிறைவேறுவதில்லை. அவற்றின் வடிவமைப்பை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் நோயாளியின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

1 மாத்திரைக்குப் பதிலாக 38½ மாத்திரைகள்

2013ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் சிகிச்சை பெற்றான். அவன் வழக்கமாக உட்கொண்ட நோய்க்கிருமி எதிர்ப்பு மாத்திரை ஒன்றுக்காக, 160 மில்லிகிராம் என்று பதிவு செய்ய மருத்துவர் எண்ணினார். எடை குறைந்த சிறாருக்கு, ‘ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்ற அலகையே கணினி எடுத்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. எனவே 160 என்ற எண் சிறுவனின் எடையால் பெருக்கப்பட்டு, 38½ மாத்திரைகளுக்கான ஆணையாக மாறியது.

கணினி எச்சரிக்கவே செய்தது. ஆனால் பொருட்படுத்தத் தேவையற்ற எச்சரிக்கைகளும் நாள்தோறும் திரையில் குவிந்து வந்தமையால், மருத்துவரும் மருந்தாளுநரும் அதனைக் கடந்து சென்றனர். மருந்தகத்தின் தானியங்கி இயந்திரம் 38½ மாத்திரைகளைப் பிழையின்றி எண்ணித் தந்தது. செவிலியருக்கு ஐயம் எழுந்தது. எனினும் பட்டைக் குறியீட்டைச் சரிபார்த்தபோது கணினி அந்த அளவையே உறுதிப்படுத்தியதால் மருந்தைக் கொடுத்தார். சிறுவனுக்குக் கடும் வலிப்பு ஏற்பட்டது. நல்வாய்ப்பாக அவன் உயிர் பிழைத்தான்.

இதனை ஒருவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. எந்த அலகு முதலில் தோன்ற வேண்டும், எந்த எச்சரிக்கை பணியை நிறுத்தும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும், ஐயம் எழுந்தால் செவிலியர் யாரை அணுக வேண்டும் என்பவை மென்பொருள் சார்ந்த கேள்விகள் மட்டும் அல்ல. மருத்துவம் சார்ந்த கேள்விகளும் ஆகும்.

பிற நாடுகளின் பட்டறிவு

இங்கிலாந்து அரசு 2002ஆம் ஆண்டில் நாடு தழுவிய மருத்துவத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. மையத்தில் முடிவெடுத்து மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையில் அது அமைந்தது. எதிர்பார்த்த பயன் கிட்டாததால், அதனைக் கலைப்பதாக 2011இல் அரசு அறிவித்தது. அதன் மொத்தச் செலவு ஏறத்தாழ 980 கோடி பவுண்டு எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வாக்டர் தலைமையிலான குழு, இங்கிலாந்து அரசுக்கு 2016இல் அறிக்கை அளித்தது. மருத்துவப் பணியையும் தகவல் தொழில்நுட்பத்தையும் ஒருங்கே அறிந்த தலைமை அலுவலர் மருத்துவமனைகளில் இருக்க வேண்டும் என அது வலியுறுத்தியது. கருவியை மாற்றுவது எளிது. பணியாற்றும் முறையை மாற்றுவதே கடினம் என்பது அவ்வறிக்கையின் சாரம்.

அமெரிக்காவில் 57 மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு மற்றொரு சிக்கலைக் காட்டியது. நோயாளியுடன் நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவுக்கும் மேசைப் பணிக்கும் சென்றது. நெரிசல் மிகுந்த நமது புறநோயாளர் பிரிவுகளில் தேவையற்ற ஒவ்வொரு பதிவுக் கட்டமும் நோயாளியின் நேரத்தையே குறைக்கும். எந்தக் கட்டம் தேவை, எது தேவையற்றது என்பதை நோயாளியைப் பார்ப்பவரே நன்கறிவார்.

ஆயினும் மருத்துவர் ஒருவரைத் தலைவராக அமர்த்துவதே தீர்வாகிவிடாது. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர் ஆகியோரின் கருத்தும் இடம்பெற வேண்டும். இப்பணிக்கெனத் தனி நேரமும் பயிற்சியும் வழங்கப்பட வேண்டும். இல்லையெனில் அது பெயரளவிலான பதவியாகவே எஞ்சும்.

இந்தியாவில் நோயாளியின் உரிமைகள்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கி வைக்கப்பட்டது. இதன்கீழ் வழங்கப்படும் 14 இலக்க ஆபா எண்ணைப் பெறுவது நோயாளியின் விருப்பத்தைச் சார்ந்தது. பதிவேடுகள் ஒரே மையத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளியின் இசைவு பெற்ற பின்னரே பிறருடன் பகிரப்படும். 2016ஆம் ஆண்டின் மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலைகளின்படி, பதிவேட்டிலுள்ள தகவல் நோயாளிக்கே உரியது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நன்னெறி விதிமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கோரினால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்யத்தக்கவை

• ஒவ்வொரு வருகையின்போதும் பெயர், வயது, ஒவ்வாமை ஆகியவை சரியாகப் பதிவாகியுள்ளனவா எனக் கேட்டறியவும்.
• குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அண்மையில் அளந்த உடல் எடை பதிவாகியுள்ளதா எனப் பார்க்கவும்.
• உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையில் வைத்திருக்கவும். கணினி இயங்காத வேளையிலும் அது உதவும்.
• மாத்திரையின் நிறம், அளவு அல்லது எண்ணிக்கை வழக்கத்திற்கு மாறாக இருந்தால், உட்கொள்ளும் முன் காரணம் கேட்கவும். ‘கணினியில் அப்படித்தான் உள்ளது’ என்ற விடை போதுமானதன்று. மருத்துவரிடம் நேரில் உறுதி செய்துகொள்ளவும்.
• தகவலைப் பகிர இசைவு கேட்கப்படும்போது, யாருக்காக, எதற்காக, எவ்வளவு காலத்திற்கு என்பதைப் படித்தறிந்த பின்னரே ஒப்புதல் அளிக்கவும்.
• பதிவேட்டில் பிழை கண்டால், திருத்தம் கோரி எழுத்து வடிவில் விண்ணப்பிக்கவும்.

பதிவேட்டில் உள்ளதைத் தம் உடல்நிலையுடன் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவர் நோயாளியும் அவரைப் பராமரிப்பவருமே ஆவர். ஆகவே ஐயம் எழும்போது தயங்காமல் கேட்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.